படத்துக்காகப் போட்ட கண்ணாடி

வயதான பிறகு மூக்குக்கண்ணாடி போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கிழவிக்குக் கண் மங்குவது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. பேரப்பிள்ளைகள் துடைத்துக்கூடத் தருகிறார்கள். எனக்குக் கண் மங்கியது எழுபது வயதில் அல்ல, ஏழு வயதில். அந்தக் காலத்தில் அதைத் துடைத்துத் தர ஆள் இருக்கவில்லை. ஒளித்து வைக்கத்தான் ஆள் இருந்தது.

எங்கள் ஊர் கற்பிட்டி. வாப்பா கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. ஒரு நாள் வெயிலில் மீன் காயப்போட்டிருந்த பாய்களுக்கு மேலாக நான் நடந்து போய்விட்டேன். பாய் கிடந்ததே எனக்குத் தெரியவில்லை. வாப்பா அடிக்கக் கையை ஓங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். அடுத்த கிழமை கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கண் டாக்டரிடம் காட்டினார். திரும்பி வரும்போது என் மூக்கில் வட்டமான கண்ணாடி ஒன்று இருந்தது. களப்புக்கு அக்கரை என்று ஒன்று உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். அதுவரை தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

இரண்டு வருஷம் போட்டேன். பன்னிரண்டில் பெரிய பிள்ளையானேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் வாசலைத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடம் நிற்கும், கடற்கரை நிற்கும். எனக்கு இவற்றோடு கண்ணாடியும் நின்றது. உம்மா அதைக் கழற்றி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, அலுமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினா. சாவி அவவின் இடுப்பில்.

"வீட்டுக்குள்ள இரிக்கிற கொமருக்குக் கண்ணாடி என்னத்துக்கு? நாலு செவரும் எங்க இரிக்கி என்டு ஒனக்குத் தெரியும் தானே" என்றா.

தெரியும்தான். சமையலறைக்குப் பதினொரு எட்டு, கிணற்றுக்கு இருபத்தாறு எட்டு. யார் வருகிறார் என்பதைச் செருப்புச் சத்தத்தில் அறிந்தேன். ஒரு சாண் தூரத்துக்குள் நான் ராசாத்தி. அரிசியில் கல் பொறுக்க என்னை வெல்ல ஆள் கிடையாது. ஓதுவேன், தைப்பேன், ஊசிக்கு ஒரே தரத்தில் நூல் கோர்ப்பேன். அந்த ஒரு சாணைத் தாண்டினால் எல்லாம் புகை. புகைக்குள் உம்மாவின் குரல் மட்டும் நடமாடும்.

பெண் பார்க்க வந்த நாளில் உம்மா எனக்குக் கொடுத்த பாடம் மிகச் சுருக்கமானது: தலையை நிமிர்த்தாதே, எழுந்து நடக்காதே. நான் அப்படியே இருந்தேன். எதிரில் இருந்த பெண்களில் மாமியாராக வரப்போகிறவ யார் என்று தெரியாமல், எல்லாப் பக்கமும் பொதுவாக ஒரு சலாம் சொன்னேன். போகும்போது அவர்கள் என்னைப் புகழ்ந்தார்களாம். இந்தக் காலத்தில் இப்படித் தலை நிமிராத அடக்கமான பிள்ளையைக் காண்பது அரிது என்றார்களாம். உம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். என் உம்மா கெட்டிக்காரி, ஒரே ஒரு பொய்யில் முடித்தா. அந்தப் பொய்யையும் வாயால் சொல்லவில்லை. அலுமாரியில் பூட்டினா, அவ்வளவுதான்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் ஆறு கிழமை இருந்தார். பினாங்கில் அவருடைய பெரியப்பாவுக்கு ஒரு நகைக்கடை இருந்தது. யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம். நிக்காஹ் முடித்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. போய்விட்டார். அந்த ஆறு கிழமையில் நான் என் புருஷனைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். கிட்ட வரும்போது ஒரு காது தெரியும், ஒரு கன்னம் தெரியும், மீசையின் பாதி தெரியும். எழுந்து இரண்டு எட்டுப் போனால் வெள்ளையாக ஒரு உருவம். ஒரு முறை சாப்பிடும்போது எதிரிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாராம். நான் சிரிக்கவில்லையாம். "என்ன கோவம்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அதுதான் எனக்கு எப்போதும் கைகொடுக்கும் தொழில்.

அவர் தோணி ஏறிய அன்று திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று உம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போகும்போது ஒரு கடித உறையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதற்குள் அவருடைய பாஸ்போட் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு முன்பே, அவருடைய உம்மா வீட்டில் வைத்து எடுத்த படம். அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நெற்றி, கண், மூக்கு, வாய், தாடை எல்லாம் ஒன்றாக, ஒரே முகத்தில், அசையாமல் இருந்தன. கட்டின புருஷனின் முகத்தை முழுதாக அன்றுதான் கண்டேன். நல்ல முகம். கொஞ்சம் பயந்த முகம். அந்த முகத்தில் ஒரு கறுப்புச் சட்ட மூக்குக்கண்ணாடி இருந்தது.

ஆறு கிழமையும் அவர் கண்ணாடி போட்டு நான் கண்டதில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்த எனக்குத் தெரியாதா? அப்படியென்றால் அவரும் ஒளித்து வைத்திருக்கிறார்! அவருடைய உம்மாவும் ஒரு தகரத்தில் போட்டுப் பூட்டியிருக்கிறா! நான் அவரிடம் மறைத்தது போல அவரும் என்னிடம் மறைத்திருக்கிறார். பாவம், எதிரில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்ததும் குத்துமதிப்பாகத்தானோ என்று நினைத்து, யாரும் இல்லாத நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டுக்குள் ஆறு வருஷமாக அடைபட்டுக் கிடந்த எனக்கு அன்றைக்குத்தான் ஒரு துணை கிடைத்தது. பினாங்குக்குப் போனால் போதும். இரண்டு பேரும் ஒரே நாளில் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கலாம். இதையே நினைத்துக்கொண்டு பத்து மாதம் அரிசியில் கல் பொறுக்கினேன்.

பதினோராம் மாதம் கடிதம் வந்தது. என்னை அனுப்பி வைக்கச் சொல்லி எழுதியிருந்தார். வாப்பா கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. எனக்குப் பாஸ்போட் எடுக்க வேண்டும், அதற்குப் படம் வேண்டும்.

படப்பிடிப்புக் கடைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போவது நடக்காத காரியம். ஆகவே படக்காரர் வீட்டுக்கு வருவார். சிலாபத்திலிருந்து ஒரு கத்தோலிக்கர், கருப்பெட்டியும் முக்காலியுமாகப் புத்தளத்துக்கு வந்து, அங்கிருந்து தோணியில் எங்கள் பக்கம் வருவார். கடல் கடந்து போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் வருவதற்கு முதல் நாள் உம்மாவிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு நாலு நாள் எடுத்தது.

"உம்மா, படத்துக்கு என்ட கண்ணாடியப் போடட்டா? அவரும் போட்டுத்தானே எடுத்திரிக்கிறாரு."

உம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தா. கை நின்றது.

"ஆம்புள போட்டாப் படிச்சவன். பொம்புள போட்டாக் குருடி. வெளங்கிச்சா?"

"அவருக்கும் கண் தெரியாது, உம்மா."

"மெல்லக் கதை. அந்தக் கதைய இனி எடுக்காத. ஒன்ட மாமிக்கித் தெரிஞ்சா நாள வெளிய தல காட்டேலுமா எனக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த அலுமாரியைக் கோடரியால் பிளந்திருப்பேன். ஆனால் நான் செய்ததெல்லாம், உம்மாவுக்குப் பாக்கு வெட்டிக் கொடுத்ததுதான்.

மறுநாள் முற்றத்தில் ஒரு கதிரை போட்டு, பின்னால் கயிற்றில் வெள்ளைத் துப்பட்டி கட்டினார்கள். வாப்பா பக்கத்தில் நின்றார். அந்நிய ஆம்பிளை வந்திருப்பதால் உம்மா கதவுத் திரைக்குப் பின்னால். திரைக்குள்ளிருந்து உம்மா வாப்பாவுக்குச் சொல்வா, வாப்பா அதையே படக்காரருக்குச் சொல்வார். படக்காரருக்கு முதல் தரமே நன்றாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் வாப்பா சொல்லும்வரை மரியாதையாகக் காத்திருப்பார்.

"முந்தானைய இன்னும் இழுத்து விடச் சொல்லுங்க."

"முந்தானைய இழுத்து விடட்டாம்."

"நானா, கோவிக்க வேணாம், காது ரெண்டும் தெரியணும். இல்லாட்டிப் படத்தத் திருப்பி அனுப்பிருவாங்க" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் படக்காரர். திரைக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. என் காதுகள் வெளியே வந்தன.

ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரு அந்நியர் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கோ அவர் முகம் தெரியவில்லை. கறுப்புத் துணியும் பெட்டியும் மனுஷரும் ஒரே கறுப்பாக இருந்தன. குரல் வந்த பக்கம் பார்த்தேன்.

"இங்க பாக்கணும், தங்கச்சி. பெட்டியப் பாருங்க. அங்க இல்ல, இங்க."

வாப்பா இருமினார். பிறகு படக்காரர் என் கிட்ட வந்தார். தன் தோல் பையைத் திறந்து எதையோ எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார்.

"இதப் போட்டா நல்லா இருக்கும். ஒரு மரியாதை. கடல் கடந்து போற ஆக்கள் எல்லாருக்கும் இதத்தான் போட்டு எடுக்கிறது. உங்கட மாப்பிள்ளையும் அவங்கட உம்மா வீட்டு முத்தத்துல இருந்து இதே கண்ணாடியத்தானே போட்டாரு."

என் கையில் வைத்தார். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே கறுப்புச் சட்டம். பத்து மாதமாகத் தினமும் பார்த்த சட்டம். வலது பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு உடைவு, அதுகூடப் படத்தில் இருந்தது. என் மனசு அப்போதும் விடவில்லை. போட்டுப் பார்த்தால் ஏதாவது தெரியுமோ என்று ஒரு நப்பாசை. போட்டேன். எதுவும் மாறவில்லை. அதே புகை, அதே கறுப்பு உருவம், அதே வெள்ளை முற்றம். அது யன்னலுக்குப் போடும் வெறும் கண்ணாடி.

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். இந்த வெறுங்கண்ணாடிக்குள்ளால் முற்றத்தையும் மதிலையும் மதிலில் இருந்த காகத்தையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டுதான் அவர் இருந்திருக்கிறார். சாப்பிடும்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். நான் சிரிக்காததையும் பார்த்திருக்கிறார். எனக்குத் துணை என்று ஒருவரும் இருக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் நான் அழுதிருப்பேன். அழுதால் இன்னொரு படம் எடுக்க வேண்டி வரும், இன்னொரு தரம் காதைக் காட்ட வேண்டி வரும் என்பதால் அழவில்லை.

திரைக்குப் பின்னால் உம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஓம் ஓம், அதப் போட்டு எடுக்கச் சொல்லுங்க. மாப்புள போட்ட கண்ணாடி தானே. ஒரு பெரிய எடுப்பாத்தான் இரிக்கும்."

என்னுடைய நிஜக் கண்ணாடி பத்து எட்டுத் தூரத்தில் பூட்டிக் கிடந்தது. ஊரார் கண்ணாடி என் மூக்கில் இருந்தது. இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

படம் வந்தது. பெரிய கறுப்புச் சட்டத்துக்குள் இரண்டு கண்கள் பெட்டியைப் பார்க்காமல் அதற்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. உம்மா அதை மாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினா. மாமி வீட்டில் எல்லாரும் மெச்சினார்களாம்.

பாஸ்போட் கைக்கு வந்த பிறகுதான் வினை தொடங்கியது. துறைமுகத்தில் படத்தையும் முகத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், படத்தில் கண்ணாடி இருந்தால் முகத்திலும் இருக்க வேண்டும் என்று யாரோ வாப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மெய்யோ பொய்யோ, உம்மா வெலவெலத்துப் போனா. படக்காரர் தன் கண்ணாடியைக் கொடுக்க மாட்டார், அது அவருடைய பிழைப்பு. என் பழைய கண்ணாடியை உம்மா தகரத்திலிருந்து எடுத்து என் முகத்தில் வைத்துப் பார்த்தா. அது பத்து வயதுப் பிள்ளையின் கண்ணாடி, காதுவரை எட்டவில்லை. ஏழு வருஷமாகப் பூட்டிப் பூட்டிப் பாதுகாத்த சாமான் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது. சிரிக்க வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் உம்மாவே ஒரு முடிவுக்கு வந்தா.

"கொழும்புல இதே மாதிரி வெறுங்கண்ணாடி ஒன்டு வாங்கிக் குடுங்க. படத்துக்காகப் போடுறது என்டு மாமிக்கிட்டச் சொல்லிட்டேன். மாமி பினாங்குக்கு எழுதிருவா. ஒரு தொல்லையும் இல்ல."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்து நின்றது. உம்மாவுக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

கொழும்பில் வாப்பா என்னைக் கடையொன்றுக்குக் கூட்டிப் போனார். "வெறுங்கண்ணாடி" என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரரிடம் மெல்ல ஏதோ சொன்னார். என்னை ஒரு கதிரையில் இருத்தி, எதிரே எழுத்துப் பலகை வைத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்துப் போய் எடுத்தோம். கறுப்புச் சட்டம், படத்தில் இருந்ததைப் போலவே. போட்டுக்கொண்டு திரும்பினேன். வாப்பா கடை வாசலில் நின்றார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த முகம் அது. அப்போது தாடி கறுப்பு.

"தெரியிதா, மகள்?"

"தெரியிது, வாப்பா."

"உம்மாக்கிட்டச் சொல்ல வேணாம், என்ன? வெறுங்கண்ணாடி என்டே இரிக்கட்டும்."

வாப்பாவின் அன்புக்கும் ஒரு பூட்டு இருந்தது. ஆனாலும் அதை நான் குறை சொல்லவில்லை. கண்ணாடி என் மூக்கில் இருந்ததே, அது போதும்.

கப்பலில் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும் கழற்றினேன். கடலுக்கு ஒரு விளிம்பு இருந்தது. மீன்கள் தண்ணீரிலிருந்து பறந்தன. மேல்தட்டில் நின்றவர்கள் சிரிப்பதும் கொட்டாவி விடுவதும் தூரத்திலிருந்தே தெரிந்தது. மனுஷர்கள் இவ்வளவு முகம் காட்டுகிறார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். போகப் போக எனக்கு ஒரு தைரியம் வந்தது. புருஷனிடம் சொல்ல வேண்டியதை யோசித்து மூன்று வசனமாக்கி மனப்பாடம் செய்தேன்: எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூரம் தெரியாது. மறைத்தது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்ணாடியை இனிக் கழற்றச் சொல்லாதீர்கள். வாப்பாவிடமும் சொன்னேன், இறங்கியதும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டு, "ஒன்ட இஷ்டம், மகள்" என்றார்.

பினாங்கில் அதிகாரி படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். வெளியே வந்தோம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சனம். அந்தச் சனத்துக்குள் அவரைக் கண்டேன். யாரும் காட்டித் தரவில்லை, நானே கண்டேன். நான் நினைத்ததைவிடக் கட்டை. ஒரு தோளைச் சற்று உயர்த்திக்கொண்டு நின்றார். நடக்கும்போது கையை அதிகம் வீசினார். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவரிடமிருந்து கிளம்பி என்னிடம் வந்து சேர்வதை நான் பார்த்தேன். நானும் சிரித்தேன், அதே நேரத்தில், சரியான ஆளைப் பார்த்து. அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியாது.

கிட்ட வந்து வாப்பாவுக்குச் சலாம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கழட்டலயா நீ? படத்துக்காகத்தான் போட்டு வாற என்டு உம்மா எழுதினா. நானும் அப்பிடித்தான், எறங்கின ஒடன கழட்டி வீசிட்டேன். ஒரே தலவலி. கழட்டு, கழட்டு. ஒன்ட மொகத்தப் பாக்கணும்."

மூன்று வசனமும் எங்கே போயிற்றோ தெரியாது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"கழட்டினா எனக்கு உங்களத் தெரியாதே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கொஞ்சிப் பேசுவதாக நினைத்துவிட்டார்.

"மாமா, உங்கட மகள் கப்பல்ல வந்து கதைக்கப் பழகிட்டா!"

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா குனிந்து என் பெட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

அவர் இரண்டு கையாலும், மெதுவாக, காது நோகாமல் என் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இப்பதான் என்ட பொஞ்சாதி மாதிரி இரிக்கிறா" என்றார். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பின்னால வா" என்று சொல்லி முன்னால் நடந்தார்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தத் துறைமுகத்தில் எல்லாரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.